விறகு மெஷினும் அண்ணியின் கையும்

வியாழன். ஐப்பசி. காலையில் தூறல், பிறகு மூட்டம்.

மெஷின் வீட்டுக்கு வந்தது கொரோனா வருஷம். தெருமுனையில் மூங்கில் கட்டி அடைத்திருந்தார்கள். அந்த வருஷம்தான் பின்வீட்டு மாமரம் கரண்டுக் கம்பி மேல் சாய்ந்தது. அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராததும் அதே வருஷம். எங்களுக்கு முகம்கூடக் காட்டவில்லை. குடகுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கழித்துப் போட்டிருந்த மெஷினை மகன் சேகர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான், அந்த மாமரத்தைப் பிளக்க.

எனக்கு எழுத்து வராது. மருமகள் போனில் மைக் படத்தைக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். தொட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. சரியாக எழுதுகிறதா, தெரியாது. எழுதட்டும்.

இன்றைய வேலை: மெஷினைத் துடைத்து எண்ணெய் பார்த்தது. அளவு சரி. குழாயில் ஒரு இடத்தில் கசிவு, துணி சுற்றினேன்.

தீபாவளிக்கு முந்தின சாயங்காலம் வெந்நீர் அண்டாவில் தண்ணீர் நிரப்பிக் கோலமிட்டு வைக்க வேண்டும். இங்கே அதை நீர் தும்போ ஹப்பா என்பார்கள். எங்கள் ஊர் மார்டள்ளியில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. மைசூர் வந்தபின் அண்ணி பிடித்துக்கொண்டது. விடிகாலையில் வீட்டில் எல்லோருக்கும் அந்த வெந்நீர்தான். மாடியில் சோலார் இருக்கிறது. இந்த மழையில் அது வெறும் தகரம்.

விறகு இல்லை. சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தை வெட்டினவர்கள் போட்டுப்போன உருட்டுக்கட்டைகள் இருக்கின்றன. பிளக்க வேண்டும்.

பிரச்சினை என் தோள். ஆடியிலிருந்து இடது தோள் பூட்டிக்கொண்டது. மெஷினுக்கு இரண்டு கைப்பிடி. இடது கை பிடித்தால் மோட்டார் ஓடும். வலது கை அழுத்தினால் தட்டு நகர்ந்து வந்து கட்டையை ஆப்பின் மேல் தள்ளும். எந்தக் கையை விட்டாலும் தட்டு பின்வாங்கும். அது பாதுகாப்புக்கு. எனக்குத் தெரியும்.

சைக்கிள் டியூப் ஒரு துண்டு எடுத்து இடது கைப்பிடியைக் கட்டினேன். கட்டை வைக்காமல் ஓட்டிப் பார்த்தேன். ஓடுகிறது.

அண்ணி வந்து பார்த்தாள். அண்ணன் சம்சாரம். என்னைவிட ஆறேழு வயது மூப்பு. அண்ணன் போன பிறகும் இந்த வீட்டில்தான்.

“என்ன முருகேசா, மெஷினுக்குத் தாலி கட்டீட்டயா?”

சேகரிடம் சொல்ல வேண்டாம் என்றேன். அவன் எதற்குக் கேட்கப் போகிறான் என்றாள்.


வெள்ளி. மழை இல்லை. காற்று.

சேகர் காலை ஷிப்ட். அவன் வண்டி திரும்பின சத்தம் போனதும் ஆரம்பித்தோம்.

நான் கைப்பிடியில். அண்ணி கட்டை வைக்க. அண்ணிக்கு இது புதிதல்ல. முன்பு வேலை பார்த்த விறகு டிப்போவில் ரெட்டைக்கை ரம்பத்தின் ஒரு முனை நான், மறுமுனை அண்ணி. அண்ணனுக்கு இருமல், ரம்பம் ஆகாது. அப்போதிருந்தே ஒரு வழக்கம். கையை எடுத்தாயிற்று, இழு என்பதற்கு அண்ணி “உம்” என்பாள். வேறு பேச்சு கிடையாது. இன்றும் அதே. கட்டை வைத்தாள். உம். அழுத்தினேன். பிளந்தது. அடுத்தது.

பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

பிளந்தது: சிறு கட்டைகள் எல்லாம். மீதி: அடிமரத் துண்டுகள், முடிச்சு உள்ளவை. தூங்குமூஞ்சி நார் பின்னிக்கொண்டு கிடக்கும். நேராகப் பிளக்காது.

பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலை நீட்டி இந்த வயதில் எதற்கு இதெல்லாம் என்று கன்னடத்தில் கேட்டார். அண்ணி கன்னடத்திலேயே பதில் சொன்னாள். அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். என்ன சொன்னாள் என்பதை இந்தப் போனில் சொல்ல முடியாது.

அண்ணி மாத்திரை சாப்பிட்டாளா என்று மருமகள் கேட்டாள். சர்க்கரை மாத்திரை. சாப்பிட்டேன் என்றாள். டப்பாவைப் பார்த்தேன். சாப்பிடவில்லை.


சனி. மூட்டம்.

நடந்துவிட்டது.

அடிமரத் துண்டு. ஒரு பக்கம் முடிச்சு. அண்ணி வைத்தாள், “உம்” என்றாள். நான் அழுத்தினேன். அதற்குள் கட்டை உருண்டது. உருண்ட கட்டையை நிறுத்த மறுபடி கையைப் போட்டாள். சொன்ன உம்மைத் திரும்ப எடுக்கவில்லை. கட்டைக்கு அந்தப் பக்கம் கை, எனக்குத் தெரியவில்லை. உம் சொன்ன பிறகு அண்ணி கை அங்கே இருந்ததே இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் இல்லை.

சத்தம் போடவில்லை. முகம் மாறியது. அதைப் பார்த்துத்தான் விட்டேன். தட்டு பின்னால் போனது.

இடது கை. நடுவிரல். நகம் பிய்ந்து தொங்கியது, பக்கம் கிழிந்து ரத்தம். எலும்பு முறிந்ததாகத் தெரியவில்லை, மடக்கிக் காட்டினாள். ஆஸ்பத்திரி என்றேன்.

“தீவாளி முடியட்டும். விரல் எங்க போகப் போகுது.”

மஞ்சளும் எண்ணெயும் வைத்து, பழைய வேட்டித் துணி கிழித்து அவளே கட்டிக்கொண்டாள். ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்தாள். நான் பிடிக்கப் போனதற்கு, ஒரு கைக்காரன் நீ என்ன கட்டப் போகிறாய் என்றாள்.

மெஷின் மேல் கிடந்த ரத்தத்தைக் கழுவினேன். டியூபை அவிழ்த்தேன். முடிச்சு இறுகிப் போயிருந்தது. கத்தியால் அறுத்தேன்.

சாயங்காலம் சேகர் விரல்கட்டைப் பார்த்துக் கேட்டான். ஸ்டோர்ரூம் கதவில் நசுங்கிவிட்டது என்றாள் அண்ணி. என் பக்கம் பார்க்கவேயில்லை. சேகர் கதவைப் போய்த் திறந்து மூடிப் பார்த்தான்.


ஞாயிறு. வெயில் கொஞ்சம்.

சேகர் வீட்டில். மெஷின் பக்கம் போகவில்லை.

வலி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். வலி இல்லை என்றதும் எனக்கு நிம்மதி. எப்பேர்ப்பட்ட மடையன். சர்க்கரைக்காரிக்கு விரல் நுனியில் உணர்ச்சியே குறைவு. போன மாசிமாதம் சூடான தோசைக்கல்லில் கை பட்டது, தோல் கருகின வாடை வந்த பிறகுதான் எடுத்தாள். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. சமயத்தில் வருவதில்லை.

மருமகள் விரல்கட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னாள். மஞ்சள் கட்டைப் பிரித்தால் குணமாகாது என்று அண்ணி ஒரு சாஸ்திரம் சொன்னாள். அப்படி ஒரு சாஸ்திரம் நான் கேட்டதில்லை.


திங்கள். மத்தியானம் பலத்த மழை.

வெல்டிங் நஞ்சுண்டாவை வரச் சொல்லியிருந்தேன். இடது கைப்பிடியை எடுத்துவிட்டுக் காலால் மிதிக்கிற மாதிரி செய்ய வேண்டும், ஆப்பைச் சுற்றிக் கம்பிக்கூண்டு வைக்க வேண்டும் என்றேன். இனி யார் கையும் உள்ளே போகக் கூடாது.

அவன் அறுந்த டியூபைக் கீழே பார்த்தான். காலால் தள்ளினான்.

“தாத்தா, இந்த மெஷினுக்கு உங்க கை ரெண்டுதான் கொத்து. அஜ்ஜி கை அதுக்குக் கொத்தில்ல.”

கன்னடத்தில் கொத்து என்றால் தெரியும் என்று அர்த்தம். தெரிந்துதானே கட்டினேன்.

மழையில் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு வேலை. ஒரு கையால் நான் பிடித்தேன், இன்னொரு முனையை ஆணியில் மாட்டினோம். மிதி வந்துவிட்டது. காலை எடுத்தால் மோட்டார் நிற்கிறது. கூண்டுக்குக் கதவு, கதவைச் சாத்தினால்தான் தட்டு நகரும்படி ஒரு கொக்கி. நல்ல வேலை. மிச்சமிருந்த கட்டைகளைத் தனியாகவே பிளந்தேன். மெதுவாகத்தான். முடிச்சுக்கட்டை ஒன்று இரண்டு தடவை திணறி, மூன்றாம் தடவை பிளந்தது.

அண்ணி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். புடவைத் தலைப்பால் கையை மூடியிருந்தாள்.

“இப்பவாச்சும் அதுக்குப் புத்தி வந்துச்சே.”

கிட்டே வந்தபோது ஒரு வாடை. மஞ்சள் வாடை அல்ல. மழையில் நனைந்த துணி என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டேன்.

நாளெல்லாம் இரும்பைப் பார்த்தேன்.


செவ்வாய். நீர் நிரப்புகிற நாள். வானம் தெளிவு.

காலையில் விறகு அடுக்கினேன். போதும், மிஞ்சும்.

சாயங்காலம் அண்டாவைத் தேய்த்துச் சுண்ணாம்புக் கோடு போட்டு, மாவிலை கட்டி, அண்ணி தண்ணீர் ஊற்றினாள். ஒரே கை. மருமகள் குடத்தைத் தூக்கப் போனாள், விடவில்லை. வீட்டில் மூத்தவள்தான் நிரப்ப வேண்டுமாம். பாதிக் குடத்தில் கால் தடுமாறிச் சுவரைப் பிடித்தாள். கட்டுப்போட்ட கையால் பிடித்தாள். துணியில் ஈரம் கசிந்தது. தண்ணீர் இல்லை.

நெற்றியில் கை வைத்தேன். கொதிக்கிறது.

சேகர்தான் பிரித்தான். துணி ஒட்டிக்கொண்டு வந்தது. விரல் கறுப்பு. பக்கத்து விரல் வீங்கிப் பளபளக்கிறது. சிவப்பு மணிக்கட்டுக்கு மேலே ஏறியிருக்கிறது.

சேகர் என்னைப் பார்த்தான்.

“கதவாப்பா?”

மெஷின் என்றேன். நான் கைப்பிடியைக் கட்டியிருந்தேன் என்றேன்.

திட்டுவான் என்று நின்றேன். திட்டவில்லை. கார்ச் சாவி எங்கே என்று மருமகளைக் கேட்டான். திட்டியிருக்கலாம்.

அண்ணி வர மாட்டேன் என்றாள். காலையில் அடுப்பு மூட்ட வேண்டுமாம். பெரியம்மா, நான் மூட்டுகிறேன் என்று சேகர் சொன்ன பிறகும், அவன் தீப்பெட்டியை எங்கே வைப்பான் என்று கவலைப்பட்டாள். காரில் முழுக்க அதே பேச்சு. காய்ச்சல் பேச்சா, அவள் பேச்சா, எனக்குப் பிரித்துத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டார்கள். சேகர் சொன்னான். ஊசி, சலைன். சர்க்கரை எவ்வளவு என்று சொன்னார்கள். கேட்ட நர்ஸ் நம்பாமல் இன்னொரு தடவை குத்திப் பார்த்தாள்.


புதன். தீபாவளி. வெளியே வெடிச் சத்தம்.

யாரும் குளிக்கவில்லை. அண்டாத் தண்ணீர் அப்படியே இருக்கும்.

டாக்டர் சின்னப் பெண். கன்னடத்தில் நிதானமாகச் சொன்னாள். நடுவிரலை எடுக்க வேண்டும். பக்கத்து விரலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இன்றே செய்தால் கை மிஞ்சும். நாளை என்றால் கையைப் பற்றிப் பேச வேண்டி வரும். அதற்கு மேலும் போனால் ஆளைப் பற்றி. கையெழுத்து, இல்லாவிட்டால் ரேகை, அம்மாவே வைக்கட்டும், நினைவு தெளிவாகத்தானே இருக்கிறார் என்றாள்.

தெளிவாகத்தான் இருந்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில் தலையை ஆட்டினாள்.

“பெரியவங்களக் கேக்காம ஒடம்புல கத்தி வெக்கறதில்ல எங்கூட்டுல.”

அது உண்மை. எங்கள் வீட்டில் யாரும் தன் இஷ்டத்துக்கு எதுவும் செய்ததில்லை. அண்ணனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்றபோது, மார்டள்ளியிலிருந்து பெரியப்பா பஸ் ஏறி வந்து சரி என்று சொன்ன பிறகுதான் அண்ணன் படுத்தான். டாக்டர் அதுவரை கத்திக்கொண்டிருந்தார்.

சேகர் பொறுமையிழந்து, யாரைப் பெரியம்மா கேட்பது என்றான். அவனை அவள் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு நேராகப் பார்த்தது அப்போதுதான்.

“நீ சொல்லு முருகேசா. நம்ம பக்கம் யாரு இருக்கா? கேட்டுட்டு வா. அவுங்க சரின்னா சரி.”

பயம். அந்தக் கண்ணில் நான் பயத்தைப் பார்த்ததில்லை. டிப்போவில் லாரிக் கட்டை சரிந்தபோதுகூட.

கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொருவராகச் சொன்னேன். பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். வெளியே போய் நின்றுவிட்டு, கேட்டேன், சரி என்றார்கள் என்று வந்திருக்கலாம். கதவுப் பொய் ஒன்று போதும்.

அப்பா. பாலாற்றில் வெள்ளம் வந்து பஸ் நின்ற வருஷம், மாட்டுத்தரகுக்குப் போன இடத்தில் இறந்துபோனார். ஆமாம் என்றாள்.

அம்மா. இந்த வீட்டுக்குக் கூரை போட்ட மாதம். கூரையைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். ஆமாம்.

பெரியப்பா. அதற்கு அடுத்த கோடை. பெரியம்மா அதே வாரம்.

ராமாபுரத்தில் உன் அண்ணன். மஞ்சள் விலை ஏறின வருஷம். கருமாதிக்கு நாம் எல்லோரும் போனோம். நீ அங்கே சாப்பிடவில்லை. அதற்கு லேசாகச் சிரித்தாள். சாம்பாரில் உப்பே இல்லை என்றாள்.

உன் சின்ன நாத்தனார், என் தங்கை. சேகர் கல்யாணத்துக்கு முந்தின தை.

அண்ணன். அதற்கு வருஷம் சொல்லவில்லை. அவளும் ஆமாம் சொல்லவில்லை.

டாக்டர் வாசலில் வந்து நின்றாள். கையில் காகிதம், மைப்பெட்டி. சேகர் அவளிடம் ஒரு நிமிஷம் என்று கை காட்டினான்.

“அப்புறம் யாரு? நீயா?”

நான் சின்னவன் அண்ணி என்றேன். நான் சொல்லி நீ எதைக் கேட்டிருக்கிறாய்.

“அப்ப யாரு இருக்கா? பேரச் சொல்லு, கேட்டுக்கறேன்.”

அண்ணி பெயரை இத்தனை காலத்தில் நான் வாயால் சொன்னதில்லை. எங்களில் வழக்கமில்லை. ஆஸ்பத்திரி வாசலில்கூட சேகர்தான் சொன்னான். அவள் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு காதருகே குனிந்து சொன்னேன்.

பாவாயி.