வழக்கை மூடுங்கள்

மெக்கலிஸ்டர், ஓக்லஹோமா
மார்ச் 3

திருமதி பீச்சம் அவர்களுக்கு,

நான் டூயியின் அம்மா, லவோன். பெட்ரோல் நிலையத்தில் உங்கள் கணவரைச் சுட்டுக் கொன்றவனைப் பெற்றவள். இதுவரை கிழிக்காமல் படித்தீர்களானால் அதுவே பெரிது.

ஏப்ரல் பத்தாம் தேதி அவனுக்கு விஷ ஊசி. அதற்கு முன், தண்டனையைக் குறைக்கலாமா என்று முடிவு செய்ய கருணை வாரியம் கூடும். அவனுடைய வக்கீல்கள் உங்கள் வீட்டுக்கு வரக்கூடும். "அவங்களத் தொந்தரவு பண்ணாதீங்க" என்று சொன்னேன், கேட்பார்களோ என்னவோ. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாயில்லை.

லவோன் ஸ்கேக்ஸ்

டல்சா
மார்ச் 12

லவோன்,

கிழிக்கத்தான் எடுத்தேன்.

பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு மேல்முறையீட்டுக்கும் அரசு வக்கீல் அலுவலகத்திலிருந்து ஃபோன் வரும். பின்னாலேயே டிவிக்காரர்கள் மைக்கை நீட்டுவார்கள். "இப்ப எப்படி ஃபீல் பண்றீங்க மேடம்?" என்னத்தைச் சொல்ல? ஒவ்வொரு தடவையும் என் கணவர் ஹார்லன் மறுபடியும் சாவார், அவ்வளவுதான்.

உங்கள் மகனை நான் மன்னிக்கவில்லை. வாரியத்தில் பேசுவேன். என்னை நம்பி எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

ரூத்தன் பீச்சம்

மெக்கலிஸ்டர்
மே 6

அன்புள்ள ரூத்தன்,

அன்று வாரியத்தின் முன் நீங்கள் எழுந்து, "இவன் சாகணும்னுதான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். இப்ப களைச்சுப் போயிட்டேன். கொன்னாலும் அன்னிக்கும் என் வாசல்ல கேமரா நிக்கும். ஆயுசுக்கும் உள்ளயே வைங்க. வழக்க மூடுங்க, என்னை விடுங்க" என்று சொன்னீர்கள். வாரியத்தின் ஐந்து பேரில் மூன்று பேர் நம் பக்கம். பிறகு ஆளுநர் கையெழுத்துப் போடும்வரை சோறு தண்ணி இறங்கவில்லை.

இனி அவன் சாகும்வரை சிறைதான். ஆனால் மரண தண்டனைக் கொட்டடியிலிருந்து மாற்றிவிட்டார்கள். நேற்று அவனைத் தொட்டேன். இத்தனை காலம் நடுவில் கண்ணாடி. தலை வழுக்கையாகிவிட்டது, ரூத்தன். "என்னம்மா, இவ்ளோ குள்ளமாயிட்ட?" என்று கேட்டுவிட்டு அழுதான்.

இதை உங்களிடம் சொல்லலாமா என்று தெரியவில்லை. ஒருமுறை நேரில் வரட்டுமா?

லவோன்

டல்சா
மே 15

லவோன்,

வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. நீங்கள் மகனைத் தொட்டதைப் படித்ததும் வயிறு எரிந்தது. இருந்தாலும் நான் பேசியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை அரசு வக்கீல் அலுவலகப் பெண் கூப்பிட்டாள். "மேடம், இனிமே உங்களக் கூப்பிட எங்களுக்கு வேலையே இல்ல" என்றாள். "ரொம்ப சந்தோஷம், போய் வேற வேலையப் பாரும்மா" என்றேன்.

அன்று சாயங்காலம் ஹார்லன் நினைவு வந்தது. ஏரியில் நாள் பூராவும் தூண்டில் போட்டு ஒன்றும் சிக்காமல், கடையில் கெளுத்தி வாங்கி வந்து, தானே பிடித்ததாகச் சாதித்த ஹார்லன். அந்த மீன் உறைந்து கல்லாகக் கிடந்தது! தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

இனி எழுதாதீர்கள். நானும் எழுத மாட்டேன். உங்கள் மகனைப் போய்ப் பார்த்துக்கொண்டிருங்கள்.

ரூத்தன்