இடம் பிடித்த மாத்திரை

என் ராசாத்தி அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிவிட்டது. இன்னும் ஞாயிற்றுக்கிழமை காலையில், பதுளை பஸ் நிலையத்தில் உன் தோட்டத்துக்குப் போகிற மடுல்சீமை பஸ் நிற்பதைப் பார்த்தால் என் கால் தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது. உன்னைப் பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டேன் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். பொய் அக்கா, பழகவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மகள் மலர் லயத்து வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டுவிட்டாள். இந்த மழைக்கு ஒழுகவில்லை. உன் தேயிலை நிரையில் இப்போது வேறொருத்தி கொழுந்து பறிக்கிறாள். கங்காணி அவளையும் உன்னைத் திட்டிய மாதிரியே திட்டுகிறாராம். நான் அதே மருந்துக்கடையில்தான் நிற்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லாமல் இனி அங்கே நிற்க முடியாது போலிருக்கிறது.

நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பினாயே, அன்றிலிருந்து இரத்தம் கட்டியாகாமல் இருக்க உனக்குத் தினமும் ஒரு சின்ன அஸ்பிரின். சாப்பிட்ட பிறகு போடச் சொன்னார்கள், நீயும் ஒழுங்காகப் போட்டாய். ஆனால் கொழுந்து பறிக்கிற உங்களுக்கு இன்னொரு பழக்கம் இருந்ததே! விடியலில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் முன்பே, வெறும் தேத்தண்ணியோடு ஒரு வலி மாத்திரை. வலி வந்த பிறகு போட்டால் பாதி நாள் போய்விடும் என்று, வராத வலிக்கே போட்டுக்கொள்வீர்கள்.

உனக்கு அந்த மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்தது யார்? நான்தான். மாதா மாதம் இபுபுரூஃபன், அட்டை அட்டையாக. "நீ கொண்டாறதுதான்டி நல்லாக் கேக்குது, முட்டி இருக்குறதே தெரியல" என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. டவுனில் வேலை பார்க்கிற தங்கச்சியால் அக்காவுக்கு இந்த உபகாரமாவது செய்ய முடிந்ததே என்று நினைத்தேன். அப்புறம் ஒரு புதன்கிழமை, கூடையோடு மலையிலேயே சாய்ந்துவிட்டாய்.

இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் கடைக்குப் புதிதாக ஒரு மருந்தாளர் மிஸ் வந்தார். நெஞ்சு நோய்க்காரர் ஒருவர் இபுபுரூஃபன் கேட்டபோது, தர முடியாது என்று திருப்பி அனுப்பினார். ஏன் மிஸ் என்று கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

நம் உடம்பின் ஒவ்வொரு கலத்தைச் சுற்றியும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு இருக்கிறதாம். "எனக்கேதுடி கொழுப்பு, உனக்குத்தான் கூட" என்று நீ சொல்வது காதில் விழுகிறது, கேள். தேவை வந்தால் அந்தக் கொழுப்பிலிருந்து ஒரு துண்டு கழன்று, செய்தி சொல்லும் பொருளாக மாறுமாம். தேய்ந்த மூட்டில் அது புரொஸ்டாகிளாண்டின் ஆனால் வீக்கமும் வலியும் வரும். டெங்கு வந்தால் இரத்தத்தில் பார்ப்பார்களே பிளேட்லெட், அதற்குள் அது துரொம்பொக்சேன் ஆனால், பிளேட்லெட்டுகள் ஒன்றையொன்று கூப்பிட்டு ஒட்டிக்கொள்ளும், இரத்தம் உறையும். கவ்வாத்துக் கத்தி வெட்டிய காயத்துக்கு அது நல்லது. உன் நெஞ்சுக் குழாய்க்கு அதுவே எமன்.

துண்டை இப்படி மாற்றுகிற நொதியம் ஒன்று பிளேட்லெட்டில் இருக்கிறது. அஸ்பிரின் அதைப் பூட்டிவிட்டால் பூட்டியதுதான், அந்தப் பிளேட்லெட் சாகிறவரை துரொம்பொக்சேன் செய்யாது. ஆனால் இபுபுரூஃபன் முந்திக்கொண்டால், பஸ் சீட்டில் லேஞ்சியைப் போட்டு இடம் பிடிக்கிற மாதிரி அங்கே உட்கார்ந்துவிடும். பின்னால் வருகிற அஸ்பிரினுக்கு இடமில்லை. அது கொஞ்ச நேரம் அலைந்துவிட்டு இரத்தத்திலிருந்து மறைந்துபோகும். சில மணி நேரத்தில் இபுபுரூஃபனும் எழுந்து போய்விடும். அப்புறம் நொதியத்தைத் தடுக்க யாருமில்லை. எப்போதாவது ஒரு நாள் போட்டால் பெரிதாக ஒன்றுமில்லையாம். நீ தினமும் போட்டாய்.

மிஸ்ஸிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். அதனால்தான் நீ போனாய் என்று யாராலும் சொல்ல முடியாது, குழாய் ஏற்கெனவே பழுதாகித்தானே இருந்தது என்றார். சொல்ல முடியாது என்றால் இல்லை என்று அர்த்தமா, அக்கா?

போன ஞாயிறு பஸ் ஏறினேன். மலரிடம் சொல்லிவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்தேன். கத்துவாள், வெளியே போ என்பாள், வாங்கிக்கொள்வோம் என்றுதான் போனேன். அவள் ரொட்டி தட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் கையிலிருந்த மாவைத் துடைக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"விடிய எழும்பி தேத்தண்ணி ஊத்தி, அந்த மாத்திரைய அம்மா கையில வச்சது நான்தானே, சின்னம்மா."

என் பாரத்தை இறக்கப் போனவள், அதை அப்படியே உன் பிள்ளை தலையில் தூக்கி வைத்துவிட்டேன். எனக்கு ஏன் அக்கா இது தோன்றாமல் போனது? நீ இருந்திருந்தால் எங்கள் இரண்டு பேர் தலையிலும் ஒரு குட்டு வைத்து, போய் அடுப்பைப் பாருங்கடி என்று முடித்திருப்பாய். அந்தக் குட்டுக்காக ஏங்கிப் போயிருக்கிறேன்.

கடையை விடப் போவதில்லை. தோட்டத்திலிருந்து வலி மாத்திரை கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும், நெஞ்சுக்கு மருந்து போடுகிறீர்களா என்று கேட்டுவிட்டு மிஸ்ஸிடம் அனுப்புகிறேன். அது சுலபம். மலர்தான் கஷ்டம். இனி ஒவ்வொரு ஞாயிறும் போவேன். "நீ அம்மாவுக்கு வலிக்கக் கூடாதுன்னுதான் கொடுத்த, உன் மேல ஒரு குத்தமும் இல்ல" என்று, அவள் நம்புகிற வரைக்கும் சொல்வேன். சத்தியம்.

அதையே என்னிடம் சொல்ல நீ ஒருத்திதான் இருந்தாய், அக்கா.

உன் கூடப்பிறந்தவள்,
சரசு