மீட்டர் பெட்டியில் உன் பலகை

அன்பு மகள் நிவேதாவுக்கு, காரைக்குடியிலிருந்து உன் சித்தப்பா சிவசங்கரன். கொப்புடையம்மன் புண்ணியத்தில் நானும் சித்தியும் சுகம், அந்த சுவீடன் பனியில் நீ மூக்கடைக்காமல் சுகமாக இருக்கிறாயா. போனில் அழுதுகொண்டே கட் பண்ணிவிடுகிறாய், கடிதத்தைக் கட் பண்ண முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்த்த பலகையில் அந்த வெள்ளைக் கல்மாவைக் கூட்டிப் போட்டால் தீயை எதிர்த்து நிற்கிறது, ஆனால் வளைத்தால் முறுக்கு மாதிரி ஒடிகிறது, ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று சித்தியிடம் சொன்னாயாமே. அவசரப்படாதே அம்மாடி, இங்கே நடந்ததைக் கேள். போன லீவில் நீ கொண்டுவந்து, குப்பையில போடுங்க சித்தப்பா என்று கொடுத்துவிட்டுப் போன பலகைகளை நான் போடவில்லை. கீழச்சிவல்பட்டியில் சிட்டாள் ஆச்சி வீட்டை விருந்தினர் தங்குவதற்குச் சீர்செய்கிற வேலை என்னிடம்தான், இந்த ஜில்லாவில் வேறு யாரிடம் கொடுப்பார்கள். அங்கே மீட்டர் பெட்டிக்குப் பின்பலகையாக உன் பலகையை மாட்டினேன், மூடி மட்டும் கடையில் வாங்கிய, கல்மாவு சேராத சாதாரண பிளாஸ்டிக் பலகை. முதலில் துளை போட்டு அப்புறம் திருகாணி முடுக்கினேன், இந்தச் சூட்சுமம் சுவீடனில் எவனுக்கும் தெரிந்திருக்காது. அதற்கு முன்னால் ஒரு துண்டை ஒடித்ததையும் எழுதுங்க என்கிறாள் சித்தி. சரி, ஒடித்தேன்.

போன வெள்ளிக்கிழமை ஏசி எல்லாம் ஓடும்போது வயர் இணைப்பு சூடேறிப் பற்றிக்கொண்டது. தீ அரியக்குடிக் கோபுர உயரத்துக்கு எழும்பியது, ஆச்சியைப் பார்க்க வந்திருந்த சித்தியும் பார்த்தாள், இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று, ஒரு சாண் தீயப் போயி இப்படி அளக்குறீகளே, படிச்ச புள்ள சிரிக்கும் என்கிறாள், சரி, ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே. எலக்ட்ரீஷியன் செல்வம் ஓடிப்போய் மெயினை அணைப்பதற்குள் மூடி உருகிச் சொட்டிச் சொட்டி எரிந்தது. உன் பலகை உள்ளங்கை அகலத்துக்குக் கருகியதோடு சரி, தீ அதைத் தாண்டவில்லை. அதற்குப் பின்னால் இருந்தது பர்மாத் தேக்குத் தூண், தாண்டியிருந்தால் வீடே போயிருக்கும். ஆச்சி கையெடுத்துக் கும்பிட்டு, ஆசாரியாரே, எங்க அப்பச்சி கட்டுன வீட்ட ஒங்க மக காப்பாத்திட்டா என்றார்கள். சூடு பட்டதும் அந்தக் கல்மாவுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வந்து தீயை அமுக்கும் என்று நீ சொன்னதை, கூடியிருந்த ஐந்நூறு பேருக்கும் விளக்கினேன், சித்தி கணக்கில் ஏழு பேர். உடனே ஆச்சி, அடுப்படிச் சுவத்துக்கும் இதையே அடிச்சிருங்க என்றார்கள். ஆமாம் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எரியாதுன்னு சொல்லாதீக சித்தப்பா, எரிய நேரமாகும்னு சொல்லுங்க என்று நீ படித்துப் படித்துச் சொன்னாயே, அதனால் அங்கே செங்கல்தான் ஆச்சி என்றேன். இந்த மனசு எந்தக் காண்ட்ராக்டருக்கு வரும் சொல்.

உத்தரத்துக்குத் தேக்கு, வண்டிச் சக்கரத்துக்குக் கருவேலம். கருவேலம் உத்தரமாகவில்லையே என்று அதை யாரும் வெட்டி எறிவதில்லை. உன் பலகை பாரம் தாங்காது என்றால் பாரம் இல்லாத இடத்தில் வை, தீ வருகிற இடத்தில் வை. இதை உன் புரொபசரிடம் நான் சொன்னதாகவே சொல். கருகிய பலகையைக் கழற்றிப் பார்சல் அனுப்பியிருக்கிறேன், அவர் மேசையிலேயே வை, துடைத்துவிடாதே.

அம்மன் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் தரட்டும். வேளைக்குச் சாப்பிடு. வராதே என்று சொல்ல எனக்கு வாய் வராது, நம்ம அம்மன் கோயில் செவ்வாய்த் திருவிழாவுக்குக் கட்டாயம் வா, திரும்பிப் போக டிக்கெட் எடுத்துக்கொண்டு வா.

உன் சித்தப்பா,
சிவசங்கரன்