சாய்ந்த பனையும் பன்னிரண்டு படங்களும்

மகன் ஜோஷ்வாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். உன் தங்கை அன்பரசி கேளம்பாக்கத்தில் ஆறாவது மாசத்தில் கால் வீங்கிக் கிடக்கிறாள், மாப்பிள்ளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். நெதர்லாந்தில் நீ நலமா என்று கேட்பது முறை, கேட்டாயிற்று. போனில் பேசினால் வாயில் கெட்ட வார்த்தை வந்துவிடும், காகிதத்தில் என்றால் எழுதிவிட்டு அடித்துவிடலாம், அதனால்தான் கடிதம். அடித்த இடங்களில் என்ன இருந்தது என்று நீயே யோசித்துக்கொள். அன்பரசி இதைப் போட்டோ பிடித்து அனுப்புவாள், முழுசும் படி.

ஜூன் மாசம் நீ போன் பண்ணி, நம்ம கல்லறைத் தோட்டத்தாண்ட போய், சாய்ஞ்ச பனை தெரியிற மாதிரி கடலப் பாத்து போட்டோ எட்த்து அனுப்புப்பா என்றாய். எதற்கு என்று நான் கேட்கவில்லை. உன் அம்மா ஜெசிந்தாவைப் புதைத்தபோது விசா கிடைக்கவில்லை என்று நீ வரவில்லை, போனில்தான் பார்த்தாய். ஆறு வருஷம் கழித்துப் பிள்ளைக்கு அம்மா நினைப்பு வந்துவிட்டது என்று நினைத்த மடையன் நான். அணுபுரம் குவார்ட்டர்ஸில் குழாய் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, விடிந்ததும் சுண்ணாம்பு வாளியோடு போய், முள்ளை வெட்டி, அவள் சிலுவைக்கு வெள்ளை அடித்து, அது காய்கிற வரைக்கும் வெயிலில் உட்கார்ந்திருந்து, பன்னிரண்டு படம் எடுத்து அனுப்பினேன். போன் நிறைந்துவிட்டது என்று காட்டியது, அதான் பிள்ளையிடம் இருக்கிறதே என்று என் பக்கம் எல்லாவற்றையும் அழித்தும்விட்டேன்.

செப்டம்பரில் ஒரு லிங்க் அனுப்பினாய், ரிசார்ட் கம்பெனி ஒன்றுக்கு நீ செய்த வெப்சைட் என்று. நம்ம ஊர் பனையும் நம்ம ஊர் கடலும் தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை, கண்ணாடி கூடப் போடாமல் கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் என் மகன் டிசைன் என்று போட்டேன். நாற்பது பேர் கைதட்டினார்கள். சாயந்திரம் உபதேசியார் உலகநாதன் வீட்டுக்கே வந்துவிட்டார். இன்னா ஸ்டான்லி, பனை கீது, கடலு கீது, உன் பொண்டாட்டி எங்கய்யா என்று கேட்டார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். துடைத்து வைத்தது போல வெறும் மணல், நூற்றுச் சொச்சம் சிலுவையில் ஒன்று கூட இல்லை, நான் வெள்ளை அடித்த இடத்தில் ஒரு குடையும் சாய்வு நாற்காலியும். உபதேசியார் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

உன்னைக் கேட்டதற்கு என்ன சொன்னாய்? கிளையன்ட் கேட்டாங்கப்பா, படம்தானே, நெசத்துல எல்லாம் அங்கதானே கீது என்றாய். இப்போது நெசத்திலும் இல்லை, தெரிந்துகொள். போன வாரம் அந்த ரிசார்ட் கம்பெனிக்காரர்கள் தோட்டத்தைச் சுற்றித் தகரம் அடித்தார்கள், மறுநாள் நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் உள்ளே ஜேசிபி ஓடியது. திரும்பி வந்து பார்த்தால் உன் படம் மாதிரியே இருக்கிறது இடம். மனு கொடுத்தோம், வருகிற வியாழக்கிழமை செங்கல்பட்டில் விசாரணை. மனு கொடுத்த அன்றே கம்பெனி ஆள் வந்து உன் வெப்சைட்டைத் திறந்து காட்டி, எப்பவுமே காலி இடம்தான் சார் என்கிறான். நாங்களும் கல்லறைத் திருநாள் படங்களைக் காட்டினோம், எல்லாம் கிட்டத்தில் பிடித்த முகமும் மாலையும், இது அந்த இடம்தான் என்பதற்கு என்ன அடையாளம் என்று அதிகாரி கேட்கிறார். பனை, கடல், சிலுவை மூன்றும் சேர்ந்து தெரிகிற படம் நான் எடுத்தது மட்டும்தான். அது உன்னிடம்தான் இருக்கிறது.

அதற்கு அப்புறம்தான் உன் சொந்த வலைப்பக்கத்தை அன்பரசியை வாசிக்கச் சொன்னேன். எல்லாம் இங்கிலீஷ், அவள் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன். தேவையில்லாததை எடுத்துவிடுவதுதான் நல்ல டிசைன் என்று எழுதியிருக்கிறாய், நல்லது. அரசியலும் பேசுகிறாய், காலங்காலமாய்க் கூலிக்கு நாற்று நட்டவர்களின் பேரன் நான், நிலத்தைப் பிடுங்குகிறவர்களை விடமாட்டேன் என்று. தூ! எவனிடம் சொல்கிறாய்? பாட்டைப் பற்றி எழுதும்போது என் பேண்டு செட்டையும் விடவில்லை, சாவு வீட்டு டிரம்பெட் சத்தத்தில் வளர்ந்தேன், இப்போது எந்தச் சத்தமும் உள்ளே வராத ஹெட்போன் வாங்கிவிட்டேன் என்கிறாய். அந்த டிரம்பெட்டை ஊதிக்கொண்டுதான் உன் அம்மா பெட்டிக்கு முன்னால் நான் நடந்தேன், வேறு யாரையும் ஊத விடவில்லை. பயணம் என்று ஒரு பக்கம். ஏதோ ஊரில் முந்நூறு வருஷக் கல்லறைத் தோட்டமாம், இறந்தவர்களைப் பத்திரமாக வைத்திருக்கிற ஊர்தான் நாகரிகமான ஊர் என்று உருகியிருக்கிறாய். அடுத்தவன் அம்மாவை டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்திருக்கிறாய், பெற்றவளை அழித்துவிட்டு. அன்பரசி அதற்கு மேல் வாசிக்க முடியாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். புதன்கிழமைக்குள் அந்தப் பன்னிரண்டு படங்களும் நான் எடுத்தபடியே, ஒரு புள்ளி மாறாமல் வர வேண்டும். கூடவே, வெப்சைட்டில் இருப்பது இதே படம்தான், சிலுவைகளை அழித்தது நான்தான் என்று உன் கையெழுத்தில் ஒரு காகிதம். வேலை போய்விடும் என்பாய். போகட்டும், எனக்கும் வியாழக்கிழமை லீவு கொடுக்க மாட்டேன் என்கிறார்கள், நான் போகத்தான் போகிறேன். ஊரில் ஒருத்தர் கூட என் முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. தங்கைக்குத் தனியாகப் போன் பண்ணி அழாதே, அவளுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொள், அது உனக்கு நன்றாக வரும்.

ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும், அதை அவரிடமே விட்டுவிடுகிறேன், எனக்கு வாய் வரவில்லை. நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள், மறந்திருப்பாய். மெழுகுவர்த்தி வாங்கி வைத்துவிட்டேன். பனையிலிருந்து எத்தனை எட்டில் அவள் இருக்கிறாள் என்று எனக்கே இப்போது பிடிபடவில்லை, உன்னிடம் இருக்கிற படத்தைப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

இப்படிக்கு,
ஜெசிந்தாவின் புருஷன் ஸ்டான்லி.
அப்பா என்று போடுவது படம் வந்த பிறகு.