படத்தின் ஓரத்தில் நின்ற கேலக்ஸி

என் செல்ல அப்பாவுக்கு,

'செல்ல' என்பது பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. அடிக்க மனம் வரவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

நீங்கள் போய் அடுத்த மாதம் ஒரு வருஷம். சேலையூர் வீட்டில் மூன்று நாளாகத் தண்ணீர் லாரி வரவில்லை. உங்கள் மேசையில் அம்மா கிரைண்டரைத் தூக்கி வைத்துவிட்டார். காலமெல்லாம் கல்லூரியில் பிசிக்ஸ் நடத்தியவரின் மேசையில் இப்போது இட்லிக்கு அரைபடுகிறது. உங்களுக்கு எப்படியோ, எனக்குச் சந்தோஷம்தான்.

நீங்கள் ஆயுசெல்லாம் ஆராய்ந்த அந்த வானப் படம் மட்டும் சுவரிலேயே இருக்கிறது. நட்சத்திரத் திரள்களாக மூன்று பெரிய கேலக்ஸிகள், ஓரத்தில் கோணல்மாணலாக ஒரு குட்டி. அது தற்செயலாக முன்னால் வந்து நிற்கிறது, அந்தக் கூட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று மற்ற ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். நீங்கள் ஒருவர்தான், "அது அந்த வீட்டுப் பிள்ளைதான்யா. பக்கத்துல இருக்கற பெருசு இழுத்த இழுப்புல கோணிப் போச்சு" என்று சண்டை போட்டீர்கள். ஆகாயத்தின் மேல் எவ்வளவு இரக்கம் உங்களுக்கு!

தாம்பரத்தில் தம்பி சாமின் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? நான் வேறு மதத்துக்காரரைப் பதிவு அலுவலகத்தில் கட்டிக்கொண்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தது, நீங்கள் என்னோடு பேச்சை நிறுத்தியும்தான். தம்பி கல்யாணமாயிற்றே என்று மேடையேறி அம்மா பக்கத்தில் நின்றேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. போட்டோக்காரரிடம் சொன்னீர்கள்: "தம்பி, இது ஃபேமிலி போட்டோ. ஓரத்துல நிக்கறவங்களை இறங்கச் சொல்லுப்பா."

அவர் சங்கடத்தோடு, "யக்கா, ஒரு நிமிசம் கீழ இறங்கிக்கோங்க" என்றார்.

இறங்கினேன். பந்தியில் உட்கார்ந்து பிரியாணியும் சாப்பிட்டேன், அப்பா. மானங்கெட்டவள்.

அதற்கப்புறமும் நீங்கள் பேசவில்லை. ஆனால் படத்தில் இருந்த அந்தக் குட்டிக்காக மட்டும் நான் உங்களுக்கு வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு சாமிடம் சொல்லியனுப்பினீர்கள்: "அவ வேலை பாக்கற எடத்துல பெரிய டெலஸ்கோப் இருக்குல்ல? அந்தக் குட்டியோட வேகத்தை அளந்து தரச் சொல்லு." அது நம்மை விட்டு விலகும் வேகமும் அந்த மூன்றின் வேகமும் ஒத்துப்போனால் எல்லாம் ஒரே கூட்டம். ஒத்துப்போகாவிட்டால் உங்கள் ஆயுசு முழுக்க வீண்.

அளந்தேன். ரயிலேறி வந்தேன்.

"என்னம்மா ஆச்சு?" என்று கேட்டீர்கள். எட்டு வருஷத்தில் முதல் 'அம்மா'. அதுவும் குட்டிக்காக.

"ஒத்து வரலைப்பா. அது அந்தக் கூட்டமே இல்ல. சும்மா ஓரத்துல வந்து நின்னிருக்கு."

பொய். கச்சிதமாக ஒத்துப்போயிருந்தது. அந்தத் தாள் என் கைப்பையில்தான் இருந்தது.

"சரி. நீ அளந்தா சரியாத்தான் இருக்கும்" என்றீர்கள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? ஒரு நாள் அனுபவிக்கட்டும், நாளைக்கு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். விடிவதற்குள் போய்விட்டீர்கள். அவ்வளவு என்ன அவசரம் உங்களுக்கு?

நேற்று சாம் போன் பண்ணினான். "அக்கா, நினைவு நாள் போஸ்டருக்கு எழுதிக் குடுத்துட்டேன். குடும்பத்தார் லிஸ்ட்ல அம்மாவுக்கு அடுத்தது உன் பேருதான். அப்பா கடைசியா உன்கிட்டதான் பேசினாரு, சமாதானமாத்தான் போனாருன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காங்க."

சமாதானமாம்!

அந்த அளவை வைத்து நான் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை உங்கள் பெயரில்தான் போகிறது. குட்டி அந்த வீட்டுப் பிள்ளைதான், இனி எவனும் வாய் திறக்க முடியாது. உங்களிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீங்கள் என்னிடம் கேட்டீர்களா என்ன? ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். இந்தக் கடிதம் யார் கண்ணிலும் படுவதற்கு முன், போஸ்டர் அச்சுக்குப் போவதற்கு முன், கிரைண்டரை நிறுத்தச் சொல்லி அந்தத் தாளை அம்மா கையில் கொடுப்பேன். நடந்ததை என் வாயால் சொல்வேன். பெயரை எடுத்துவிடு என்று அம்மா சொன்னால், இறங்கிவிடுகிறேன். எனக்குப் பழக்கம்தான்.

இப்படிக்கு,
அப்படியே உங்களை உரித்து வைத்திருக்கும்
மூத்த மகள்