ஈரத்துண்டில் சுற்றிய வரால்

இன்று பிற்பகல் பர்மாக்காரி ஒருத்தி மீன்கூடையோடு மாடியேறி வந்தாள். மேலே மூடியிருந்த ஈர இலையை விலக்கியதும் சேற்று வாசனை எழுந்தது. பால் கொடுக்கிறவளுக்கு வரால் நல்லது என்று அவள் தன் மொழியில் சொல்லிக்கொண்டே இருந்தாள். என் காதில் விழுந்ததென்னவோ உன் குரல்தான்.

கல்லூரிக் காலத்தில் ஒரு குளிர்கால விடுமுறை. தின்கன்ஜூன் பக்கத்துக் குளத்தில் இன்னும் பனி விலகவில்லை. நீ, நான், உன் அடுத்த வீட்டில் பிறந்து நம் தமிழையே பேசி வளர்ந்த மா டின். தூண்டிலில் தவளைக்குஞ்சைக் கோத்தவள் நீ. மா டின் புத்தரைக் கும்பிடுகிறவள் அல்லவா, கரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"பாவத்துல எனக்குப் பங்கு வேணாம்டீ. குழம்புல மட்டும் வெச்சிருங்க."

முழங்கை நீளத்துக்கு ஒரு வரால் மாட்டியது. பிடித்த பிறகுதான், அதைக் கொல்ல மூவருக்குமே தைரியமில்லை என்று தெரிந்தது. என் அம்மா பார்த்துக்கொள்வாள் என்று ஈரத்துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, குதிரைவண்டியில் நம் வீடுகள் இருந்த பசுந்தாங்குக்குத் திரும்பினோம். செத்த மீனை அம்மா தொடமாட்டாள். நானோ நொடிக்கொரு தரம் துண்டை விலக்கிப் பார்த்தேன்.

"செத்துப்போச்சுடீ!"

"அதைச் சும்மா இருக்கவே விடமாட்டியா? வரால் தரையிலயும் மூச்சு வாங்கும். மூடு," என்று நீ அதட்டினாய்.

"அசையலையே?"

"நீ தூங்கறப்ப அசையறியா? குறட்டை மட்டுந்தானே விடறே!"

வண்டிக்காரரும் சிரித்தார். சிரிப்பு அடங்குமுன் வரால் துள்ளி மா டின் மடியில் விழுந்தது. பங்கு வேண்டாமென்றவள் இரண்டு கையாலும் அதை இறுகக் கட்டிக்கொண்டாள்.

போன மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் கண்டபோது, வயிற்றுப்பிள்ளைக்காரி என்று என்னை உன் வீட்டுப் படியேற விடவில்லை. தெருவில் நின்று உன் ஜன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அந்தக் காய்ச்சலிலேயே நீ போன பிறகு பிறந்தவள் என் மகள். மா டின் கல்யாணமாகி மாந்தலேயில் இருக்கிறாள். அம்மாவும் கப்பலேறி ஊரோடு போய்விட்டாள். அவர் அலுவலகம் கிளம்பிவிட்டால் இந்த மாடியில் நானும் குழந்தையும்தான்.

அவள் தூங்கினால் எனக்குப் பயம். மூக்கருகே விரல் வைப்பேன், மார்பில் காதை வைப்பேன், கடைசியில் எழுப்பியே விடுவேன். படித்த படிப்பெல்லாம் அப்போது எங்கே போகிறதோ! பிறகு இருவருமாக அழுவோம்.

இன்று மீன்காரியை அனுப்பிவிட்டுத் தொட்டிலருகே உட்கார்ந்தேன். வழக்கம்போல் கை நீண்டது. நீ அதட்டுவதுபோல் இருந்தது; இழுத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. அவள் தானாகவே விழித்தாள். தானாக விழித்தால் அவள் அழுவதில்லை என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

அவர் வந்ததும் சொன்னேன். "நல்லது" என்றார். நீயாக இருந்தால் விட்டிருப்பாயா? எப்படி முழிச்சா, ஒண்ணு விடாம சொல்லு என்று பிடித்துக்கொண்டிருப்பாய். எது நடந்தாலும் உனக்கென்றே எடுத்து வைக்கிற பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

முதலில் ஒரு காலை நீட்டினாள். பிறகு பெரிய கொட்டாவி. அப்புறம் கண்ணைத் திறந்து, மெதுவாகத் திருப்பி, என்னைத் தேடினாள்.