பச்சை மெழுகு

ஜனவரி 21, ஞாயிறு

முடி மூன்று அங்குலம். ஸ்கேல் வைத்தே அளந்தேன். பைத்தியக்காரி என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். போன வருஷம் இதே நாளில் தலையில் ஒரு மயிர் இல்லை. மருந்து ஏற்றிக்கொண்டு வந்து வாளியும் கையுமாகக் கிடந்தேன்.

இந்த இம்போல்க்குக்குக் கிரீடம் எனக்கு. குளிர் முடியப் போகிறது, வெளிச்சம் திரும்புகிறது என்று பழைய தேவிகளைக் கும்பிடும் எங்கள் விக்கா வட்டத்தில் ஏழு பேரும் கூடும் நாள் அது. வருஷத்துக்கு ஒருத்தி தலையில் எட்டு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு பிரிஜித் தேவியாக நிற்பாள். என் முறை போன வருஷமே வந்தது. மொட்டைத் தலையில் கிரீடம் வழுக்கிக்கொண்டே போனது. "அடுத்த வருஷம் உனக்குத்தான், வின்னி" என்று தலைவி ரோஸலிண்ட் எல்லார் முன்னாலும் சொன்னாள்.

ஜனவரி 26, வெள்ளி

பண்டிகையன்று படுக்கையில் கிடத்தும் தேவி பொம்மை முடிந்தது. போன அறுவடையில் எடுத்து வைத்த கோதுமைத் தாள். மூக்கு கொஞ்சம் கோணல், பரவாயில்லை. மெழுகுதான் காலை வாரிவிட்டது. தேன்மெழுகு போதாமல், டிசம்பரில் எரித்து மிஞ்சிய பச்சை வத்தியை உருக்கிக் கலந்தேன். ஒன்பதும் பாசி நிறத்தில் வந்து நிற்கின்றன! எட்டு கிரீடத்துக்கு. ஒன்பதாவது வளைந்துவிட்டது, இழுப்பறையில் போட்டேன்.

ஜனவரி 29, திங்கள்

வட்டத்துத் தோழி டெலித் போன் பண்ணினாள். பண்டிகை ஒன்றாம் தேதி இல்லையாம். இந்த வருஷம் சூரியக் கணக்காம், நாலாம் தேதி ஞாயிறாம். "ரோஸலிண்டைப் பத்தித்தான் தெரியுமேடி. திடீர்னு பஞ்சாங்கத்தைத் தூக்கிட்டு வந்துட்டா."

சூரியன் நிலையைப் பார்த்து நாள் குறிக்கிறவர்களும் எங்களில் உண்டு. எனக்கு நல்லதுதான். முடி இன்னும் ஒரு நூல் வளரும்.

ஜனவரி 31, புதன்

டெலித் வந்தாள். பொம்மையையும் எட்டு வத்தியையும் எடுத்துப் போனாள். "பாவாடைக்கு லேஸ் வெச்சுத் தைச்சுத் தரேன்" என்றாள். போகும்போது ரொம்ப நேரம் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஏன்? அடுத்த செவ்வாய் எனக்கு ஷ்ரூஸ்பரியில் ரத்தப் பரிசோதனை, அதனால் இருக்கும். போன வருஷம் பதினெட்டு தடவை ஆஸ்பத்திரிக்கு அவள்தான் காரோட்டினாள். இந்தத் தடவையும் அவள்தான்.

பிப்ரவரி 1, வியாழன்

மழை. மிருக ஆஸ்பத்திரி வேலையில் இரண்டு முயல், ஒரு கிளி. கிளி என்னைக் கடித்தது.

பிப்ரவரி 2, வெள்ளி

எழுதக் கை வரவில்லை.

காலையில் டெலித் பூனைக்கு ஊசி போட எங்கள் மிருக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நான் முன்மேஜையில். கையெழுத்துப் போடக் குனிந்தாள். காதுக்கு மேலே, அந்தச் செம்பட்டை முடியில், பச்சையாக ஒரு சொட்டு ஒட்டியிருந்தது.

என் மெழுகு. நான் ஊற்றின மெழுகு எனக்குத் தெரியாதா?

"தலையில என்னடி?"

அவள் கை தானாகப் போய்த் தொட்டது. "சூப்பு" என்றாள்.

பச்சை சூப்பு. தலையிலே! இவளுக்குப் பொய் சொல்ல வராது என்று நினைத்திருந்தேன் — திங்கட்கிழமை அழகாக வந்ததே.

வெளியே கார் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கொட்டினாள். நேற்றுச் சாயங்காலமே பண்டிகை முடிந்துவிட்டதாம். பிரிஜித் என்றால் புது உசிர், வியாதி கண்ட உடம்பில் அவளை இறக்கினால் வட்டத்துக்கே வருஷம் பூரா ஆகாது என்று ரோஸலிண்ட் சொன்னாளாம்.

"சரி. கிரீடம் யாரு வெச்சுக்கிட்டது?"

காதுக்கு மேலே அந்தச் சொட்டை நகத்தால் சுரண்டினாள்.

"மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நான் இல்லேன்னா வேற யாராவது வெச்சிருப்பாங்க வின்னி. அவ உன் மூஞ்சிக்கு நேரா சொல்லி நீ கேக்க வேண்டாமேன்னுதான் தேதியை மாத்திச் சொன்னேன். உன் நல்லதுக்குத்தான்."

என் நல்லதுக்கு! நான் வாந்தி எடுத்த வாளியைக் கழுவினவடீ நீ. அதே கையால எப்படிடீ அந்தக் கிரீடத்தை எடுத்து வெச்சுக்கிட்ட? என் பொம்மை, என் வத்தி, எல்லாத்தையும் நானே உன் கையில குடுத்து அனுப்பியிருக்கேனே!

ரோஸலிண்டை விடு. அவள் எப்பவும் அப்படித்தான். நீ?

பிப்ரவரி 3, சனி

அழுதேன். திட்டினேன். அடுப்பைத் தேய்த்தேன். மறுபடி அழுதேன். ரோஸலிண்டிடமிருந்து நாலு போன், எடுக்கவில்லை. வட்டத்தின் மந்திரப் புத்தகம், நானே உட்கார்ந்து நகலெடுத்தது. விலகுகிறவள் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது விதி. உறையில் போட்டு அவள் முகவரியை எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

என்னிடம் நாலாம் தேதி என்றுதானே சொன்னாள்? அவள் சொன்னது பொய், சூரியன் பொய் இல்லை. நாலாம் தேதியே கொண்டாடுவது என்று இறங்கிவிட்டேன். ஷூ பெட்டியில் தேவிக்குப் படுக்கை. பால், ஓட்ஸ் ரொட்டி. கேக் அச்சின் வளையத்தில் அந்த வளைந்த வத்தியை ஒட்டித் தலையில் வைத்தேன். நின்றது! மூன்றங்குல முடி அதைக் கவ்விக்கொண்டது. ஏற்றினேன்.

அப்புறம்தான் உறைத்தது. சடங்குப்படி வெளியே ஒருத்தி பொம்மையோடு நின்று தட்ட வேண்டும். உள்ளே இருப்பவள் மூன்று தரம் அழைத்துத் திறக்க வேண்டும். ஒரே ஆள் கதவுக்கு இரண்டு பக்கமும் எப்படி நிற்பது? பொம்மையும் கையில் இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்தரைக்குக் கதவு தட்டப்பட்டது.

"நான்தான். பொம்மையைக் கொண்டாந்திருக்கேன். லேஸ் தைச்சுட்டேன்."

இன்றைக்குத் தட்டினால் திறக்காமல் இருக்கக் கூடாது. சங்கிலியைக் கழற்றாமல் ஒரு சாண் திறந்தேன். என் தலையில் எரிவதைப் பார்த்ததும் அவள் வாய் கோணிக்கொண்டது.

"பிரிஜித், வா, படுக்கை தயார்." மூன்று தரமும் குரல் பிசகாமல் சொன்னேன்.

"நானும் உள்ள வரட்டுமா வின்னி?"

"உன்னைக் கூப்பிடலை. அவளைத்தான் கூப்பிட்டேன்."

பாவாடை அகலம், இடுக்கில் பொம்மை நுழையவில்லை. அவள் அந்தப் பக்கம் அமுக்கித் தள்ள, நான் இந்தப் பக்கம் இழுக்க, புது லேஸ் கிழிந்தது. தேவி உள்ளே வந்துவிட்டாள்.

"செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு வண்டி கொண்டு வரேன்."

கதவைச் சாத்தினேன். சாத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன், தலையை அசைக்காமல்.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஏழு பத்து பஸ்ஸைப் பிடித்தேன். எட்டு மணிக்கு வந்து மணியடித்திருப்பாள். அடிக்கட்டும். புத்தக உறையைப் போகிற வழியில் தபாலில் சேர்த்தேன்.

ரத்தம் எடுத்து முடித்த நர்ஸ் என் தலையையே பார்த்தாள்.

"என்னம்மா இது, முடியில பச்சையா ஒட்டியிருக்கு?"

"மெழுகு."

"எடுத்து விடட்டுமா? வலிக்காம எடுப்பேன்."

"வேண்டாம்மா," என்றேன். "இருக்கட்டும்."